குச்சி சாண்ட்விச்: பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் குச்சி சரி?

குச்சியில் கோத்த சாண்ட்விச் கொடுத்தால் பிள்ளை டப்பாவைக் காலி செய்துவிடும் என்று ஆசையோடு தொடங்கி, குச்சி வாங்கும் இடத்திலேயே தயங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். மூங்கில் குச்சியா, ஐஸ் குச்சியா, தலையில் யானையும் முயலும் உட்கார்ந்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் குச்சியா, இல்லை கேரட்டையே குச்சியாக்கிவிடலாமா? படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் காலை அவசரத்தில் கோக்கப் போவது நாம். நாலு மணி நேரம் கழித்து, பக்கத்தில் உதவிக்கு யாரும் இல்லாமல், பதினைந்து நிமிடத்துக்குள் அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டியது ஒரு சின்னப் பிள்ளை. இந்த இரண்டும் எந்தப் படத்திலும் தெரியாது.

எனக்கு இது புரிந்தது முதல் நாள் சாயங்காலம் மகனுடைய டப்பாவைத் திறந்தபோது. அப்போது அவனுக்கு ஆறு வயது. பிரெட் துண்டு, சீஸ், வெள்ளரி, மறுபடி பிரெட், திராட்சை என்று ஏழு ஏழாகக் கோத்து இரண்டு மூங்கில் குச்சி வைத்திருந்தேன். திரும்பி வந்ததில் இரண்டு குச்சியிலும் மேலே இருந்த இரண்டு துண்டு மட்டும்தான் காணோம், மிச்சம் ஐந்தும் அப்படியே இருந்தது. வெள்ளரி தொட்ட பக்கம் பிரெட் ஊறி நசநசவென்று, காற்றுப் பட்ட பக்கம் காய்ந்து சொரசொரவென்று. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "அடியில இருக்கிறது வரவே மாட்டேங்குதும்மா, வாயைக் கிட்ட கொண்டுபோனா குச்சி தொண்டையில இடிக்குது" என்றான். அவன் எதிரிலேயே உட்கார்ந்து மிச்சக் குச்சியை நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், பையன் சொன்னது அப்படியே உண்மை. முதல் இரண்டு துண்டு நுனியிலிருந்து சுலபமாக வந்துவிடுகிறது. மூன்றாவதைக் கடிக்கப் போகும்போது காலியான கூர் நுனி நேராக வாய்க்குள் போகிறது. பெரியவர்கள் யோசிக்காமலே குச்சியைப் பக்கவாட்டில் திருப்பிப் பல்லால் இழுத்துவிடுவோம், ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

அதற்கப்புறம் மூன்று வருடமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். மகனுக்கு இப்போது ஒன்பது, மகளுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் ஒரே குச்சி சரிப்படவில்லை. அதனால்தான் "எது சிறந்தது" என்று ஒரே வரியில் பதில் சொல்லாமல், எதை வைத்து எடைபோட வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

பாதுகாப்பு. இதை மற்றவற்றோடு சேர்த்து மதிப்பெண் போடக் கூடாது, இதில் தேறாதது அடுத்த கேள்விக்கே போகக் கூடாது. இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று குச்சியால் வருவது: கூர் நுனி, சிலாம்பு, கையில் பிடித்தபடி ஓடுவது. இன்னொன்று கோத்த பண்டத்தால் வருவது, இதைப் பலர் கவனிப்பதில்லை. முழுத் திராட்சை, சின்ன உருண்டைத் தக்காளி, வட்டமாக வெட்டிய சாசேஜ், கட்டியான சீஸ் துண்டு, பச்சைக் கேரட் துண்டு எல்லாம் நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை என்று குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். திராட்சையையும் உருண்டைத் தக்காளியையும் நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுக்க வேண்டும். குச்சியில் அழகாக நிற்பவை பெரும்பாலும் இதே உருண்டைகளும் கட்டிகளும்தான். நாலாகக் கீறிய திராட்சை எந்தக் குச்சியிலும் நிற்காது. அதனால் மூன்று வயதுப் பிள்ளைக்குக் குச்சி சாண்ட்விச் வேண்டாம் என்பதற்குக் குச்சியின் கூர்மை மட்டும் காரணமில்லை.

மதியம் வரை தாங்குமா. ஒரு சின்னக் கணக்கு. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுர சாண்ட்விச்சின் சுற்றளவு 40 செ.மீ. அதையே ஒன்பதாக வெட்டினால் எல்லாத் துண்டின் சுற்றளவையும் கூட்ட 120 செ.மீ. வரும். அதாவது காற்றுப் படும் ஓரம் மூன்று மடங்கு. முழுசாக வைத்தால் மதியம் வரை மெத்தென்று இருக்கும் அதே பிரெட், துண்டாக்கினால் காய்ந்துபோவது இதனால்தான். அப்புறம், கை படும் இடமும் கூடுகிறது. சீஸ், முட்டை, கறி வைத்த சாண்ட்விச் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். குச்சியோ குச்சியில்லையோ, இந்தப் பண்டங்கள் உள்ளே இருந்தால் டப்பாவோடு ஒரு ஐஸ் பேக் போக வேண்டும், அல்லது இரவே உறையவைத்த தண்ணீர் பாட்டில்.

பிள்ளை தனியாகச் சாப்பிட முடியுமா. வீட்டில் நாம் கூடவே இருந்து இழுத்துக் கொடுப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

காலை வேலை. எத்தனை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது. ஒரு நாளைக்குச் செய்வது வேறு, வாரம் மூன்று நாள் செய்வது வேறு.

தெரியாமல் ஏறும் செலவு. தொலைந்துபோகும் குச்சி, தூக்கிப்போடும் குச்சி, வெட்டி வீணாகும் பிரெட் ஓரம், கழுவும் நேரம், டப்பாவுக்குள் நுழையாத நீளம்.

## மூங்கில் குச்சி

பார்க்க மிக எடுப்பானது இதுதான். ஒல்லியாக இருப்பதால் ஆப்பிள், கேரட், ஆறிய கோழித் துண்டு என்று எதையும் பிளக்காமல் குத்தும். அந்த ஒல்லிதான் இதன் குறையும். உருண்டைக் குச்சியில் கோத்த துண்டு சுழன்றுகொண்டே இருக்கும், ஒரு பக்கம் கடிக்கும்போது மறு பக்கம் நழுவும். பிரெட்டில் துளை கொஞ்சம் பெரிதானதும் துண்டு தொளதொளவென்று தொங்கிக் கீழே விழும்.

நுனியைக் கட்டாயம் வெட்ட வேண்டும், ஆனால் முதலில் வெட்டிவிட்டால் கோக்கும்போது பிரெட் நசுங்கும். கூர் நுனியோடு கோத்து முடித்து, கடைசியாக ஒரு செ.மீ. நுனியைக் கத்தரித்து, வெட்டிய இடத்தை நகம் ராவும் அட்டையால் நாலு இழு இழுத்துவிடுங்கள். வெட்டிய இடத்தில்தான் நார் பிரியும், விரலால் தடவிப் பார்க்காமல் டப்பாவில் வைக்காதீர்கள். கடைசித் துண்டால் நுனியை மூடிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்தத் துண்டைத்தான் பிள்ளை முதலில் சாப்பிடும், அப்புறம் நுனி வெளியில்தான் இருக்கும்.

நீளத்தை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இந்தக் குச்சிகள் 15 செ.மீ. முதல் 30 செ.மீ. வரை வரும். 15க்கு 12 செ.மீ. உள்ள டப்பாவில் குறுக்கே வைத்தாலும் 19 செ.மீ. சுமாருக்கு மேல் நுழையாது. நீளக் குச்சியை வாங்கிப் பாதியாக உடைத்தால் உடைந்த முனை இன்னும் மோசமாகப் பிரியும்.

ஒரு தடவை பயன்படுத்திய மூங்கில் குச்சியைக் கழுவி மறுபடி எடுக்காதீர்கள், உள்ளே ஈரத்தையும் எண்ணெயையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆக ஒவ்வொரு நாளும் புதுக் குச்சி.

இது பொருந்தும் இடம்: பெரியவர் கூட இருக்கும் பிறந்தநாள் விருந்து, வீட்டில் விடுமுறை நாள், வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். வயது எட்டுக்கு மேல். பள்ளிக்கு என்றால் என் ஓட்டு இதற்கு இல்லை. கூரான பொருள் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று விதி வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## ஐஸ் குச்சி

பட்டையான, இரு முனையும் வளைவாக உள்ள மரக் குச்சி. சாதாரணமாக 11 செ.மீ. சொச்சம் நீளம், ஒரு செ.மீ. அகலம், 2 மி.மீ. கனம். எல்லா டப்பாவிலும் நுழையும். எங்கள் வீட்டில் மூன்று வருடம் நிலைத்து நின்றது இது ஒன்றுதான், ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டையாக இருப்பதால் துண்டு சுழலாது. நுனி மழுங்கலாக இருப்பதால் கடைசித் துண்டைக் கடிக்க வாயைக் கிட்டக் கொண்டுபோனாலும் குத்தாது. நீளம் குறைவு என்பதால் மூன்று துண்டுக்கு மேல் கோக்கவே முடியாது, அதனால் "அடியில் மாட்டிக்கொண்ட ஐந்தாவது துண்டு" என்கிற பிரச்சினையே வராது. பிடித்துக்கொள்ள இரண்டு விரல் அகலம் மிஞ்சும், கையில் வெண்ணெய் ஒட்டாது. ஐந்து வயதுப் பிள்ளை ஐஸ் சாப்பிடுகிற அதே பிடியில் பிடித்துச் சாப்பிட்டுவிடும், புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், இது தானாகக் குத்தாது. சின்னக் கத்தியின் நுனியால் துண்டின் நடுவில் ஒரு செ.மீ. கீறல் போட்டு, அதன் வழியாக இறக்க வேண்டும். அழுத்திக் குத்தினால் பிரெட் அமுங்கி, உள்ளே தடவியது பிதுங்கி வந்துவிடும். ஆப்பிள், கேரட், திராட்சை எல்லாம் இதில் பிளந்துவிடும். பிரெட், மெல்லிய சீஸ், வெள்ளரி வட்டம், கீரை இலை மாதிரி மிருதுவானவை மட்டும்தான் சரிப்படும். பழத்தைத் தனியாக ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கைவேலைக்கு என்று விற்கும் சாயம் பூசிய குச்சி சாப்பாட்டுக்கு ஆகாது. ஈரமான வெள்ளரி சாயத்தை இழுத்துவிடும். உணவுக்கென்று விற்கும், சாயமில்லாத வெறும் மரக் குச்சியைத்தான் எடுக்க வேண்டும். இதுவும் ஒரு தடவைக்குத்தான்.

## சின்ன பிளாஸ்டிக் குச்சி

பூ, நட்சத்திரம், மிருகத் தலை வைத்தவை. பிள்ளைகள் கண் இதன் மேல்தான் போகும். நாலைந்து செ.மீ. நீளம் என்பதால் ஒன்று அல்லது இரண்டு துண்டுதான் நிற்கும், அது ஒரு வகையில் நல்லதுதான், எடுத்தால் ஒரே வாய். கொஞ்சமாகச் சாப்பிடும், பெரிய சாண்ட்விச்சைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு இது நன்றாக வேலை செய்யும். மகள் பள்ளி சேர்ந்த முதல் மாதம் முழுக்க இதில்தான் ஓடியது.

ஆனால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். எட்டு போனால் ஐந்து வரும். ஒன்று தோழிக்குப் போயிருக்கும், ஒன்று பென்சில் டப்பாவில் இருக்கும், ஒன்று குப்பையோடு போயிருக்கும். ஒரு தடவை அவளுடைய சட்டைப்பையில் ஒரு முயல் தலை மட்டும் தனியாக இருந்தது, அடிக்குச்சி எங்கே என்று அன்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. தலை கழன்று வரும் குச்சியை வயது வித்தியாசமில்லாமல் ஒதுக்கிவிடுங்கள். வாங்கியதும் தலையை நன்றாக முறுக்கி இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் வேண்டாம். எதையும் வாயில் போடும் வயதில் இன்னொரு குழந்தை வீட்டில் இருந்தால் இந்த வகையையே வாங்காதீர்கள்.

கழுவுவதும் தனி வேலை. முகத்தில் இருக்கும் கண், மூக்கு இடுக்குகளில் வெண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும், பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தால்தான் போகும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அதனால் மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தத் தொலைவதையும் கழுவுவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## தின்னும் குச்சி

நீளமாக நறுக்கிய கேரட், மொறுமொறுப்பான பிரெட் ஸ்டிக், உப்பு பிரெட்சல் (உப்புத் தூவிச் சுட்ட மொறுமொறு தின்பண்டம்) குச்சி. யோசனை மிக அழகானது: குப்பை இல்லை, கூர் இல்லை, குச்சியே சாப்பாடு. மூங்கில் குச்சியால் முதலில் துளை போட்டு அதன் வழியாக இதை நுழைக்க வேண்டும். பாதி முறை ஒடியும்.

பெரிய சிக்கல், ஈரம். பிரெட் ஸ்டிக்கும் பிரெட்சலும் பிரெட்டிலிருந்தும் வெள்ளரியிலிருந்தும் ஈரத்தை இழுத்து மதியத்துக்குள் நமுத்துவிடும், தூக்கினால் வளைந்து துண்டெல்லாம் சரியும். கேரட் அப்படி ஆகாது, ஆனால் பச்சைக் கேரட் கட்டி சின்னப் பிள்ளைக்கு ஆகாது என்று மேலேயே சொன்னேன். அதனால் இது செய்த உடனே சாப்பிடும் வேளைக்குத்தான்: சாயங்காலம் விளையாடி வந்ததும், அல்லது வீட்டில் நாலு பிள்ளைகள் கூடும்போது. டப்பாவில் அனுப்ப வேண்டாம்.

## குச்சியே இல்லாமல்

இதையும் ஒரு தேர்வாகவே வைக்க வேண்டும். ஒரே அளவில் வெட்டிய குட்டி சாண்ட்விச்சுகளை டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, சீஸ், காய், பழம் எல்லாம் பக்கத்துப் பிரிவுகளில். வேண்டுமானால் மழுங்கிய முனையுள்ள பிள்ளைகள் முள்கரண்டி ஒன்று. நெருக்கமாக அடுக்குவதால் காற்றுப் படும் ஓரம் குறைந்து பிரெட் காயாது. காலையில் ஐந்து நிமிடம் மிச்சம். நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எனக்குத் தெரிந்து இதுதான் ஒரே சரியான வழி. குதூகலம் குறைந்துபோகுமே என்று நினைத்தால், வடிவ அச்சால் ஒரே ஒரு துண்டை மட்டும் நட்சத்திரமாக வெட்டி நடுவில் வையுங்கள். எல்லாவற்றையும் அச்சால் வெட்டினால் பாதி பிரெட் ஓரமாக வீணாகும்.

பல் குத்தும் குச்சியை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இரண்டு முனையும் கூர். மெல்லியது என்பதால் பிரெட்டுக்குள் முழுசாக ஒளிந்துகொள்ளும், தெரியாமல் கடித்து விழுங்கிவிட்டால் குடலைக் குத்தித் துளைத்துவிடலாம். மரம் என்பதால் சாதாரண எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. அவசரத்துக்கு ஒரு நாள் மட்டும் என்றுகூட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வகை | பள்ளிக்கு | வயது | மதியம் வரை | காலை கூடுதல் நேரம் (என் கைக்கு) | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|---|
| மூங்கில் குச்சி | வேண்டாம் | 8க்கு மேல், பெரியவர் அருகில் | துண்டு சுழலும், நழுவும் | 8 முதல் 10 நிமிடம் | நுனி வெட்டும் வேலை, தினமும் புதுசு |
| ஐஸ் குச்சி | நல்லது | 5க்கு மேல் | நன்றாக நிற்கும் | 5 நிமிடம் | தினமும் புதுசு |
| பிளாஸ்டிக் குச்சி | எண்ணி அனுப்பினால் சரி | 5க்கு மேல் | நிற்கும் | 4 நிமிடம் | தொலைவது, கழுவுவது |
| தின்னும் குச்சி | வேண்டாம் | 5க்கு மேல் | நமுக்கும் | 10 நிமிடம் | ஒடிந்து வீணாவது |
| குச்சி இல்லாமல் | நல்லது | எல்லா வயதும் | மிக நன்று | இல்லை | பிரிவுள்ள டப்பா |

## குச்சி முடிவானது, கோப்பது எப்படி

பலர் குச்சியில் காட்டும் கவனத்தை இதில் காட்டுவதில்லை, என் மகனின் டப்பா திரும்பி வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். மூன்று வழி உண்டு.

தனித்தனிக் கட்டிகள். பிரெட் கட்டி, சீஸ் கட்டி, காய் கட்டி என்று மாறி மாறிக் கோப்பது. படங்களில் வருவது பெரும்பாலும் இது. இதில் பிரெட் வெறும் பிரெட், மேலே வெண்ணெய்கூட இல்லை. சுற்றி நாலு பக்கமும் காற்றுப் பட்டுக் காயும், பிள்ளை சீஸை மட்டும் உருவிச் சாப்பிட்டுவிட்டு பிரெட்டைத் திருப்பிக் கொண்டுவரும். மூங்கில் குச்சிக்கும் உடனே சாப்பிடுவதற்கும் மட்டும் பொருந்தும்.

குட்டி சாண்ட்விச். வழக்கம்போல ஒரு முழு சாண்ட்விச் செய்து, லேசாக அழுத்தி, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது துண்டு. ஒவ்வொன்றையும் மேலிருந்து கீழாக, இரண்டு பிரெட்டையும் துளைத்துக் கோக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே வைத்தது பூட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் குத்தினால் இரண்டு பிரெட்டும் விரிந்துவிடும். ஒரு துண்டு இரண்டரை செ.மீ. உயரம் என்றால் ஒரு ஐஸ் குச்சிக்கு மூன்று துண்டு, மூன்று குச்சியில் ஒரு முழு சாண்ட்விச் கணக்காக முடிந்துவிடும். துண்டுக்கு நடுவே ஒரு மெல்லிய வெள்ளரி வட்டம். பிள்ளை எவ்வளவு சாப்பிட்டது என்பதும் குச்சியைப் பார்த்தாலே தெரியும். நான் இதைத்தான் செய்கிறேன்.

சுருள். பிரெட்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, பூரிக்கட்டையால் தேய்த்து மெல்லிசாக்கி, தடவி, இறுக்கிச் சுருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பிறகு வட்ட வட்டமாக வெட்டுவது. இதை முதல் நாள் இரவே சுருட்டி வைத்துவிடலாம் என்பதுதான் பெரிய வசதி, காலையில் வெட்டிக் கோத்தால் போதும். பிளாஸ்டிக் குச்சிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை, ஒரு சுருளுக்கு ஒரு குச்சி, சுருள் பிரியாமலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே மொத்தமாக எதையும் வைக்க முடியாது, தடவக்கூடியதும் மெல்லிய சீஸும்தான். வயிறு நிறைய வேண்டிய ஒன்பது வயதுப் பையனுக்கு நாலு சுருள் எந்த மூலைக்கு?

## ஊறாமலும் காயாமலும்

அன்றைக்குச் சுட்ட புது பிரெட்டைவிட ஒரு நாள் ஆன பிரெட் குச்சிக்கு நல்லது, கீறும்போது நசுங்காது. வெறும் பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும். (முட்டையோ கறியோ சீஸோ வைத்து முடித்த சாண்ட்விச் என்றால் ஃபிரிட்ஜ்தான், அங்கே கெட்டுப்போகாமல் இருப்பதுதான் முக்கியம்.) வெண்ணெயை நடுவில் மட்டும் தடவாமல் ஓரம் வரை தடவுங்கள், ஈரம் பிரெட்டுக்குள் இறங்காமல் தடுப்பது அந்தக் கொழுப்புதான். வெள்ளரியை வெட்டிய கையோடு உப்புப் போடாதீர்கள், உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். வெட்டித் துணியில் ஒற்றி எடுத்து, சீஸ் இருக்கும் பக்கமாகக் கோத்துவிடுங்கள். தக்காளி வேண்டுமென்றால் விதைப் பகுதியை எடுத்துவிட்டுத் தோல் பக்கச் சதை மட்டும். பக்கத்தில் வைக்கும் ஆப்பிள் கறுக்காமல் இருக்க, ஒரு கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புக் கலந்து ஐந்து நிமிடம் போட்டு, வெறும் தண்ணீரில் அலசி எடுங்கள்.

சீஸ் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கோத்தால் வெடித்து உதிரும். முதல் வேலையாக அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்றதைத் தொடங்கினால், அதைக் கோக்கும் முறை வரும்போது கொஞ்சம் இளகியிருக்கும்.

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளைக்கு நாலு வயதுக்குள் என்றால் குச்சி இல்லாமல் கொடுங்கள், ஆசைக்கு வீட்டில் உங்கள் மடியில் உட்காரவைத்து ஐஸ் குச்சியில் ஒன்று. ஐந்து முதல் ஒன்பது வயது, பள்ளிக்கு, வாரம் இரண்டு மூன்று நாள் என்றால் ஐஸ் குச்சியில் குட்டி சாண்ட்விச். கொஞ்சமாகச் சாப்பிடும், புதிதாகப் பள்ளி சேர்ந்த பிள்ளை என்றால் பிளாஸ்டிக் குச்சியில் சுருள், எண்ணிக்கையைப் பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள், "ஆறு முயல் போகுது, ஆறும் வீட்டுக்கு வரணும்" என்றால் அதுவே எண்ணிக்கொண்டு வரும். விருந்துக்குப் பத்துப் பேர் என்றால் மூங்கில் குச்சி, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலையில் நேரமே கிடையாது, வேலைக்கும் ஓட வேண்டும் என்கிறவர்கள் குச்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குச்சி இல்லாத டப்பாவால் பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடாது.

வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் வகுப்பில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குச்சியில் இருப்பதைப் பிள்ளைகள் ஆளுக்கொன்று மாற்றிக்கொள்வது சாதாரண சாண்ட்விச்சைவிட மிக அதிகம், என் பிள்ளைகள் இரண்டு பேரும் கொடுத்து வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பள்ளிக்கு அனுப்பும் முன் ஒரு விடுமுறை நாளில் ஒத்திகை பாருங்கள். காலை எட்டு மணிக்குச் செய்து டப்பாவில் மூடி, ஐஸ் பேக்கோடு பையில் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையை உட்காரவைத்து டப்பாவைக் கொடுத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பாருங்கள், கை நீட்டாதீர்கள், இப்படிச் சாப்பிடு என்று சொல்லாதீர்கள். எந்தத் துண்டு கீழே விழுகிறது, எதை உருவி ஒதுக்குகிறது, குச்சியை எந்தப் பக்கமாகத் திருப்புகிறது என்று கவனியுங்கள். நேரம் முடிந்ததும் குச்சியில் மிஞ்சியிருப்பதை அடுத்த தடவை கோக்க வேண்டாம்.